பாஷாவுக்குத் திறந்த கதவு

கொழும்பு மருதானையில் ஒரு தெருவுக்கு ஒராபி பாஷாவின் பெயர் இருக்கிறது. கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் குடியிருந்த வீடு இன்று நினைவு நூதனசாலையாக நிற்கிறது. ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றை வாசித்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. துருக்கித் தொப்பி அணிந்த எகிப்தியப் பெரியவர், நம் கல்விக்குத் தோள் கொடுத்தவர் என்ற அளவில் பாடசாலைப் பிள்ளைகளும் அவரை அறிந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர் இந்த நாட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் அல்லர். தோற்றுப்போன ஒரு போராட்டத்தின் தலைவராக, மரணதண்டனையில் இருந்து மயிரிழையில் தப்பி, சொத்தெல்லாம் பறிக்கப்பட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். இன்றைய வழக்கில் சொன்னால், அரசியல் கொந்தளிப்பால் எல்லை கடந்து தூக்கி எறியப்பட்ட ஒரு மனிதர். அவரை இந்த நாடும் நம் சமூகமும் எப்படி நடத்தின என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை. அந்தப் பெருமைக்கு நாம் இன்று தகுதியானவர்களா என்பதுதான் இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

பதுளைப் பக்கத்தில் இருந்து இதை எழுதும்போது இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒராபி கொழும்பில் இறங்கிய அதே காலத்தில் ஸ்பிரிங்வெளி, மடுல்சீமை போன்ற ஊவாத் தோட்டங்களிலும் கடல் கடந்து வந்த மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பாஷா என்ற பட்டம் இருக்கவில்லை. அவர்கள் கதையைப் பிற்பகுதியில் பார்ப்போம். முதலில் பாஷாவின் கதை.

கிராமத்துப் பையன்

அஹ்மத் ஒராபி 1841ஆம் ஆண்டு எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸிக் நகருக்கு அருகில் உள்ள ஒரு சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்தக் கிராமத்தின் ஷெய்கு. மகன் குர்ஆனும் எழுத்தும் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். ஒராபி சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். பின்னர் ஒராபி சில காலம் அல்-அஸ்ஹரில் படித்தார்.

அக்கால எகிப்தின் ஆட்சி முஹம்மது அலி பாஷாவின் பரம்பரையிடம் இருந்தது. இராணுவத்தின் உயர் பதவிகள் துருக்கியருக்கும் சர்க்காஸியருக்கும் போயின. அரபு பேசும் உள்ளூர் விவசாயியின் பிள்ளைக்குச் சிப்பாய் வேலைக்கு மேல் வழியில்லை. ஸயீத் பாஷா ஆட்சிக்கு வந்ததும் இது கொஞ்சம் மாறியது. கிராமத் தலைவர்களின் பிள்ளைகளையும் படையில் சேர்த்து, அதிகாரிகளாக உயர்த்த அவர் முன்வந்தார். அந்த வாய்ப்பில் சேர்ந்த ஒராபி, இருபது வயதளவிலேயே லெப்டினன்ட் கேர்ணல் தரத்தை எட்டினார்.

ஸயீதுக்குப் பின் வந்த இஸ்மாயிலின் காலத்தில் அந்தக் கதவு மறுபடியும் மூடியது. தகுதி இருந்தும் ஆண்டுக் கணக்கில் பதவி உயர்வு இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் கிடந்தார்கள். மறுபக்கத்தில் நாடு கடனில் மூழ்கியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆறே வருடத்தில், 1875இல், அதில் எகிப்துக்கு இருந்த பங்குகளை இஸ்மாயில் பிரித்தானியாவுக்கு விற்க வேண்டி வந்தது. 1876க்குப் பின் பிரித்தானியாவும் பிரான்சும் நியமித்த அதிகாரிகள் எகிப்தின் வரவையும் செலவையும் மேற்பார்வை செய்தார்கள். வரி கட்டியவன் விவசாயி, கட்டளை இட்டவன் கடன்காரன். 1879இல் இஸ்மாயில் பதவி இறக்கப்பட்டு அவர் மகன் தவ்பீக் அமர்த்தப்பட்டார்.

அப்தீன் முதல் தெல் அல்-கபீர் வரை

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில், படையில் நடந்த பாரபட்சத்தை எதிர்த்து மனுக் கொடுத்த ஒராபியும் அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய இரு தோழர்களும் கைது செய்யப்பட்டார்கள். அவர்களது படையினரே வந்து அவர்களை மீட்டார்கள். அன்று முதல் ஒராபியின் பெயர் முகாமைத் தாண்டிக் கிராமங்களுக்கும் போனது.

அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் திகதி கெய்ரோவின் அப்தீன் மாளிகை முன்றலில் ஒராபி தன் படைகளோடு போய் நின்றார். அமைச்சரவை மாற வேண்டும், மக்கள் பிரதிநிதிகளின் சபை கூட வேண்டும், படையின் எண்ணிக்கை உயர வேண்டும் என்று தவ்பீக்கிடம் நேருக்கு நேர் கேட்டார். தவ்பீக் இணங்க வேண்டி வந்தது. 1882இன் தொடக்கத்தில் கவிஞரும் தளபதியுமான மஹ்மூத் சாமி அல்-பாரூதி பிரதமரானார். ஒராபி யுத்த அமைச்சரானார்.

பிரித்தானியா இதைப் பொறுக்கவில்லை. 1882 ஜூலை 11ஆம் திகதி அதன் கடற்படை அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தது. தவ்பீக் பிரித்தானியரின் பக்கம் போய்ச் சேர்ந்தார். உஸ்மானிய சுல்தானும் ஒராபியைக் கலகக்காரர் என்று அறிவித்துக் கைவிட்டார். செப்டம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில் தெல் அல்-கபீரில் நடந்த சண்டை ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிட்டது. ஒராபி கெய்ரோவில் சரணடைந்தார். அன்று நாட்டுக்குள் வந்த பிரித்தானியப் படை முற்றாக வெளியேற எழுபதாண்டுக்கு மேல் ஆனது.

உயிரைக் காத்த உதவி

ஒராபியைத் தூக்கில் போட வேண்டும் என்பதே தவ்பீக்கின் விருப்பம். அதைத் தடுத்தவர்களில் முக்கியமானவர் வில்பிரட் பிளண்ட் என்ற ஆங்கிலக் கவிஞர். தன் சொந்த நாட்டு அரசையே எதிர்த்து, லண்டனில் பணம் திரட்டி, புரோட்லி என்ற வழக்கறிஞரை ஒராபிக்காகக் கெய்ரோவுக்கு அனுப்பினார். கண்துடைப்பாக முடிந்திருக்க வேண்டிய விசாரணையில் ஆவணங்களும் கேள்விகளும் வந்து விழுந்தன. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1882 டிசம்பரில் ஒராபி கலகக் குற்றத்தை ஏற்றார். மரணதண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. பட்டங்களும் நிலங்களும் பறிக்கப்பட்டன.

இதைக் கவனிக்க வேண்டும். இடம்பெயர்ந்தவனுக்கான உதவி என்றவுடன் அரிசியும் போர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒராபிக்குக் கிடைத்த முதல் உதவி ஒரு வழக்கறிஞர். அது இல்லாதிருந்தால் மற்ற எந்த உதவிக்கும் ஆள் இருந்திருக்காது.

இலங்கைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பானபோது அது முற்றிலும் அந்நிய மண்ணாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய தீவு என்ற நம்பிக்கை முஸ்லிம் உலகில் பரவலாக இருந்தது. டிசம்பர் இறுதியில் மரியோத்திஸ் என்ற கப்பல் சுயஸில் இருந்து புறப்பட்டது. ஒராபி, பாரூதி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் பஹ்மி, துல்பா இஸ்மத், யஃகூப் சாமி ஆகிய ஏழு தலைவர்களும் குடும்பத்தார், பணியாளர்களோடு அதில் இருந்தார்கள். 1883 ஜனவரி 10ஆம் திகதி கப்பல் கொழும்பை அடைந்தது.

கொழும்பு திறந்த கதவு

அவர்கள் வரும் செய்தி முன்கூட்டியே பரவியிருந்தது. கண்டியில் இருந்து சட்டத்தரணி முஹம்மது காசிம் சித்திலெப்பை தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகைக்கு அப்போது வயது மூன்று வாரம்தான். 1882 டிசம்பர் 21ஆம் திகதி அதன் முதல் இதழ் வந்திருந்தது. துறைமுகத்தில் பெரும் கூட்டம் கூடியது. தோற்றவரை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அல்ல அது. தங்கள் வீட்டு மனிதரை எதிர்கொள்ள வந்தவர்களைப் போல நம்மவர்கள் நின்றார்கள்.

ஏழு பேரும் சிறையில் அடைக்கப்படவில்லை. தீவை விட்டு வெளியேறக்கூடாது என்ற உறுதிமொழியின் மேல் சுதந்திரமாக நடமாடினார்கள். எகிப்திய அரசிடம் இருந்து மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்தது. வாடகைக்கு வீடு எடுத்தார்கள். பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மௌலூதுக்கும் அவர்களை அழைக்க நம்மவர்கள் போட்டி போட்டார்கள். ஒராபி ஆங்கிலம் கற்றுக்கொண்டார். தன்னைத் தோற்கடித்தவர்களின் மொழியைக் கற்பதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. 1883இன் இறுதியில் இந்தியாவுக்குப் போகும் வழியில் பிளண்டும் கொழும்புக்கு வந்து, தான் காப்பாற்றிய மனிதரைச் சந்தித்தார்.

ஆங்கிலக் கல்வி என்றால் மதமாற்றம் என்று நம் சமூகம் அஞ்சிய காலம் அது. மிஷனரிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கி, பள்ளிவாசல் ஓதலோடு நிறுத்திக்கொண்டவர்களே அதிகம். அரச உத்தியோகத்திலும் சட்டத்துறையிலும் மருத்துவத்திலும் நம்மவரின் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருந்தது. சித்திலெப்பை இதை இடைவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுத்தைப் படித்தவர்களில் பலர் அவரையே சந்தேகித்தார்கள். அல்-அஸ்ஹரில் படித்த, படை நடத்திய, வெள்ளைக்காரனை எதிர்த்து எல்லாவற்றையும் இழந்த ஒருவர் பக்கத்தில் நின்று அதையே சொன்னபோது சந்தேகத்துக்கு இடம் குறைந்தது. ஒராபி மார்க்கத்தை விற்றவர் என்று யாராலும் சொல்ல முடியாது.

சித்திலெப்பையின் முதல் முயற்சிகள் நிலைக்கவில்லை. கடைசியில் 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் அருகில் அல்-மத்ரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. சிந்தனை சித்திலெப்பையுடையது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் பொருளாலும் உழைப்பாலும் தாங்கினார். ஒராபி புரவலராக நின்றார். பிற்காலத்தில் டி.பி. ஜாயா போன்றோர் அதிபராக இருந்து வளர்த்த ஸாஹிராக் கல்லூரியின் வேர் அதுதான்.

தொப்பியின் கதையும் உண்டு. துருக்கித் தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே மதிப்பான உடையாகப் பரவியதற்கு இந்த எகிப்தியர்களின் வருகையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்ற மறுக்கப்பட்டபோது மருதானையில் பெரும் கண்டனக் கூட்டம் நடந்தது. தலையில் அணிந்த ஒன்றுக்காக ஒரு சமூகம் ஒன்றுபட்டு உரிமை கேட்டது. அதற்குள் ஒராபி எகிப்துக்குத் திரும்பிவிட்டார்.

கண்டி ஆண்டுகள்

நன்றாக நடத்தப்பட்டாலும் நாடுகடத்தல் நாடுகடத்தல்தான். கொழும்பின் ஈரமும் வெக்கையும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டு வலி, கண் நோய், காய்ச்சல் என்று மருத்துவச் சான்றிதழ்களோடு மனு மேல் மனு எழுதினார்கள். ஒரே தோல்வியைப் பத்து வருடம் ஒரே ஊரில் இருந்து பேசினால் நண்பர்களுக்குள்ளும் கசப்பு வரும். ஏழு பேருக்குள்ளும் அது வந்தது. கண்டியின் குளிர் உடலுக்கு நல்லது என்று ஒராபி 1892இல் அங்கே குடிபெயர்ந்தார்.

அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பில் காலமானார். மஹ்மூத் பஹ்மி 1894இலும் யஃகூப் சாமி 1900இலும் கண்டியில் காலமானார்கள். பாரூதி தன் மனைவியின் மரணச் செய்தியை இங்கிருந்துதான் கேட்டார். நவீன அரபுக் கவிதையின் முன்னோடி என்று போற்றப்படும் அவர், ஏக்கம் நிறைந்த தன் கவிதைகளில் பலவற்றை இத்தீவில் இருந்து எழுதினார். பார்வை மங்கிய நிலையில் மன்னிப்புப் பெற்று நாடு திரும்பி, 1904இல் காலமானார்.

ஒராபிக்கான விடுதலை 1901இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பிரித்தானிய இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர், இலங்கைக்கு வந்தார். ஒராபி அவரைச் சந்தித்துத் தன் நிலையை எடுத்துச் சொன்னார். சில வாரங்களில் கெய்ரோவில் இருந்து மன்னிப்பு வந்தது. பதினெட்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்த தீவிடம் விடைபெற்று, அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் எகிப்தில் இறங்கினார்.

அங்கே துறைமுகக் கூட்டம் இல்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகளுக்கு அவர் நாட்டை அந்நியரிடம் இழந்த கிழவர். திரும்பி வந்ததும் பிரித்தானியருக்கு நன்றி சொன்னது அவர்களை மேலும் எரிச்சலூட்டியது. பெரும் கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை இழித்துக் கவிதை எழுதினார். பறிக்கப்பட்ட நிலத்தைத் திரும்பக் கேட்டு மனு எழுதுவதிலும் தன் நினைவுகளை எழுதுவதிலும் கடைசிப் பத்து வருடம் கழிந்தது. 1911 செப்டம்பர் 21ஆம் திகதி கெய்ரோவில் காலமானார். 1952இல் மன்னராட்சி வீழ்ந்த பிறகுதான் எகிப்து அவரைத் தன் வீரராக மீண்டும் ஏற்றது. இன்று கெய்ரோவில் ஒரு சதுக்கமும் ஒரு மெட்ரோ நிலையமும் அவர் பெயரைத் தாங்குகின்றன. சொந்த நாட்டுக்கு முன்பே அவரை மதித்தது இந்தத் தீவு.

பட்டம் இல்லாதவர்கள்

ஒராபிக்கு நான்கு உதவிகள் கிடைத்தன. உயிரைக் காக்க ஒரு வழக்கறிஞர், வாழ ஒரு கொடுப்பனவு, தலைநிமிர்ந்து நடமாட ஒரு சமூகத்தின் மரியாதை, கடைசியில் திரும்பிப் போக ஓர் அனுமதி. இந்த நான்கையும் அளவுகோலாக வைத்து ஊவாவைப் பார்ப்போம்.

இலங்கைக் கோப்பியை அழித்த இலை நோய் 1869இல் முதலில் தென்பட்டது மடுல்சீமையில். ஒராபி வந்து இறங்கிய 1883இல் கோப்பித் தோட்டங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. தென்னிந்தியாவில் இருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து, கொலராவுக்கும் பட்டினிக்கும் தப்பி வந்த தொழிலாளர்கள் கூலி கிடைக்காமல் திரும்பி நடந்தார்கள். தேயிலை வந்ததும் மறுபடி அழைத்து வரப்பட்டார்கள். ஸ்பிரிங்வெளி லயங்களில் அவர்கள் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், இங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பதுளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, பார்த்திராத சொந்த நாட்டுக்குப் போனார்கள். நீலகிரியின் அரச தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவர்கள் சிலோன்காரர்கள்.

போகாமல் இருந்தவர்களை 1977இன் வன்முறையும் 1983 ஜூலையும் துரத்தின. பதுளை நகரம் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வன்னிக்கு ஓடியவர்கள் பின்னர் யுத்தத்தில் மறுபடி ஓடி, படகில் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஆட்களைச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாம், அவர்களை அகதிகளாக வரவேற்றது. குடியுரிமைச் சிக்கல் இங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினர் பலருக்கோ அது இன்னும் தீரவில்லை. வழக்கறிஞரும் இல்லை, திரும்பும் அனுமதியை எளிதாக்குவாரும் இல்லை.

நம் சமூகம் இதில் எங்கே நின்றது? தோட்டத்துச் சந்தியில் கடை வைத்து, கடனுக்கு அரிசி கொடுத்து, அவர்களின் மொழியையே பேசி வாழ்ந்தவர்கள் நாம். ஒராபிக்காகத் துறைமுகம் வரை போன நாம், லயத்துக் குடும்பம் பெட்டி கட்டியபோது பதுளை ரயில் நிலையம் வரை போனோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. போனவர்கள் இருந்திருப்பார்கள். சமூகமாகப் போனோமா என்பதே கேள்வி.

இது பழங்கதை அல்ல. 2017 செப்டம்பரில் கல்கிஸ்ஸையில் ஐ.நா. பாதுகாப்பில் இருந்த ரோஹிங்யா குடும்பங்களின் வீட்டை ஒரு கும்பல் முற்றுகையிட்டது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்காலில் கரை தட்டியது. தாங்களே எல்லாம் இழந்த அவ்வூர் மக்கள் உணவோடு ஓடி வந்தார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடவில்லை. எனவே இங்கே தஞ்சம் கேட்பவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. பிள்ளைகளுக்கு அரச பாடசாலையில் இடமும் உறுதியில்லை. முதல் நாள் உணவு கொடுக்க நம்மில் ஆள் இருக்கிறார்கள். நூறாவது நாள் வழக்கறிஞரும் ஆசிரியரும் தேடுவதற்குத்தான் ஆள் குறைவு.

செய்யக்கூடியவை சிறியவைதாம். நம் சட்டத்தரணிகள் சிலர் இவர்களின் வழக்குகளை இலவசமாக எடுக்கலாம். தனியார் முஸ்லிம் பாடசாலைகள் சில இடங்களை ஒதுக்கலாம். ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நம் ஸகாத் நிதியங்கள் நினைவில் கொள்ளலாம். அகதிச் சட்டம் ஒன்று வேண்டும் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். அதோடு, தமிழ்நாட்டு முகாமில் இருந்து ஊருக்குத் திரும்ப விரும்பும் மலையகக் குடும்பத்துக்கும் குரல் கொடுக்கலாம். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது ஒரு காரணம் ஆகாது. ஒராபியைக் காப்பாற்றிய பிளண்டும் முஸ்லிம் அல்லர்.

பெரிய மனிதருக்குக் கதவைத் திறப்பது சுலபம். அவர் உள்ளே வந்தால் வீட்டுக்கே பெருமை. ஒராபி வந்தார், நமக்கு ஒரு கல்லூரி கிடைத்தது. மதீனத்து அன்ஸார்கள் கதவைத் திறந்தபோது வந்தவர்களில் பெரும்பாலானோர் கையில் ஒன்றும் இல்லாதவர்கள். மருதானைத் தெருவுக்கு ஒராபியின் பெயர் வைத்த சமூகம், பெயர் தெரியாதவருக்கும் அதே மரியாதையைக் கொடுக்கும் நாளில்தான் அந்தப் பெயர்ப் பலகைக்கு முழு உரிமை கோர முடியும்.